சனிக்கிழமை வாத்தியார்கள்: எம்.பி.ஏ. வகுப்பறைக்கு வந்த பகுதிநேர ஆசிரியர்களின் கதை



மலர்க் குழுவிலிருந்து போன் வந்தபோது, "ஹாஸ்டல் நினைவுகள் எழுத இருபது பேர் க்யூவுல இருக்காங்க, நீ வேற ஏதாவது எழுதுப்பா" என்றார்கள். நல்லதாகப் போயிற்று. மெஸ் சாம்பாரைப் பற்றி இனிப் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது!

எழுத எனக்கு வேறு விஷயம் தயாராக இருந்தது. நமது கல்லூரியின் எம்.பி.ஏ. துறையில் அடுத்த கல்வியாண்டு முதல் முன்னாள் மாணவர்களைப் பகுதிநேர ஆசிரியர்களாக அமர்த்தலாம் என்று நிர்வாகம் ஒரு யோசனை வைத்திருப்பது பலருக்கும் தெரியும். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் இரண்டு கட்சி. "ஃபீல்டில் இருப்பவன் வந்து சொன்னால்தான் பசங்களுக்கு ஏறும்" என்பது ஒரு கட்சி. "நிரந்தர ஆசிரியரை நியமிக்காமல் காசை மிச்சம் பிடிக்கிற வேலை இது" என்பது மற்றொன்று. கேட்டுக்கொள்ளப்பட்டவர்களில் நானும் ஒருவன். பதில் சொல்வதற்கு முன் இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது, என்ன ஆயிற்று என்று படித்துப் பார்க்க நினைத்தேன். மெக்கானிக்கல்காரனுக்கு எந்த மெஷினையும் ஓட்டுவதற்கு முன் லாக் புக்கைப் பார்க்கும் பழக்கம் உண்டு அல்லவா?

அதற்கு முன் ஒரு நினைவு. பி.இ. முடித்து வேலைக்குப் போனபின் இதே வளாகத்தில் மாலை நேர எம்.பி.ஏ. படித்தேன். எங்களுக்கு இன்வென்டரி பாடம் எடுத்தவர் ஒரு பம்ப் தொழிற்சாலையின் உற்பத்தி மேலாளர். சனிக்கிழமை ஷிப்ட் முடித்து, சட்டையில் கூலன்ட் வாசத்தோடு நேராக வருவார். முதல் நாள் பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பேரிங்கை எடுத்து மேஜை மேல் வைத்தார். "இது எங்க ஸ்டோர்ல நாலு வருஷமா தூங்குது. இது தூங்கறதுக்கு யாருப்பா வாடகை குடுக்கறது?" என்று கேட்டார். அன்று தொடங்கி மூன்று வாரம் அந்த ஒரு பேரிங்கை வைத்தே பாடம் நடந்தது. இருப்பு வைக்கும் செலவு என்பதை நான் பிறகு எந்தப் புத்தகத்தில் படித்தாலும் அந்தத் துணி மூட்டைதான் கண்முன் வரும்.

எங்கள் பேட்ச் குரூப் போட்டோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எடுத்தார்கள். அதில் அவர் இல்லை. அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

தொடக்கத்தில் எல்லோரும் வெளியாட்கள்

வணிகத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்கும் எண்ணம் பெரிய அளவில் வேர் பிடித்தது அமெரிக்காவில். 1881-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வார்ட்டன் பள்ளி தொடங்கியது; அது இளநிலை. பட்டதாரிகளுக்கு என்று தனியாக 1900-ல் டார்ட்மவுத் கல்லூரியில் டக் பள்ளி. அதே 1900-ல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் வணிகம், கணக்கு, நிதி ஆகியவற்றுக்கான பள்ளி. 1908-ல் ஹார்வர்டு.

கட்டிடத்துக்குப் பணம் கொடுக்க ஆள் கிடைத்தார்கள். பாடம் நடத்தத்தான் ஆள் இல்லை. பொருளாதாரத்தில் பேராசிரியர் உண்டு, சட்டத்தில் உண்டு. தொழிற்சாலை நிர்வாகத்தில் பேராசிரியர் எங்கிருந்து வருவார்? அப்படி ஒரு படிப்பே அப்போதுதானே பிறக்கிறது! ஆகவே தொழில் செய்பவர்களையே அழைத்தார்கள். நியூயார்க்கில் பகல் முழுக்கக் கணக்கு எழுதிய தணிக்கையாளர்கள் மாலையில் வந்து பாடம் எடுத்தார்கள். அந்தப் பள்ளியின் முதல் டீன் சார்லஸ் வால்டோ ஹாஸ்கின்ஸ், ஒரு தணிக்கை நிறுவனத்தின் பங்குதாரர். நியூயார்க் மாநிலம் பொதுக் கணக்காளர்களுக்கான சட்டத்தை இயற்றியதே 1896-ல்தான். தொழிலுக்கே நாலு வயது, அதற்கு ஒரு பள்ளி! 1916-ல் அந்தப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளுக்கான வணிக வகுப்புகளை வால் ஸ்ட்ரீட் பக்கமே கொண்டுபோய் வைத்தது. மாணவனும் வாத்தியாரும் ஆபீசிலிருந்து நடந்தே வரலாம்.

ஆக, பகுதிநேர ஆசிரியர் பின்னாளில் வந்த மாற்று ஏற்பாடு அல்ல. எம்.பி.ஏ. என்ற படிப்பு அவரோடுதான் பிறந்தது. இதைப் படித்தபோது எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான்.

டெய்லர் சொன்ன கதை

ஹார்வர்டின் முதல் டீன் எட்வின் கே, பொருளாதார வரலாற்றாசிரியர். அவர் தேடிப்போன ஆள் நம்ம ஆள், அதாவது எஞ்சினியர்: ஃபிரெடெரிக் டெய்லர். டைம் ஸ்டடி என்று நாம் ஐந்தாவது செமஸ்டரில் ஸ்டாப் வாட்ச் பிடித்தோமே, அதன் மூலவர். டெய்லருக்கு முதலில் விருப்பமில்லை. இதையெல்லாம் வகுப்பறையில் கற்றுக்கொள்ள முடியாது, ஒர்க் ஷாப்பில்தான் கற்க வேண்டும் என்பது அவர் கட்சி. பிறகு இணங்கி, 1909 முதல் 1914 வரை ஆண்டுதோறும் ஹார்வர்டு போய் விரிவுரை ஆற்றினார். காசுக்காக அல்ல, 1901-லேயே சம்பாத்தியத்துக்காக வேலை செய்வதை நிறுத்திவிட்டவர் அவர்.

டெய்லர் தம் பேச்சுகளில் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. 1911-ல் வந்த அவர் புத்தகத்திலும் இருக்கிறது. பெத்லகேம் உருக்காலையில் 'ஷ்மிட்' என்ற தொழிலாளி நாள் ஒன்றுக்கு 12.5 டன் வார்ப்பிரும்புக் கட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தான். அறிவியல் முறைப்படி எப்போது தூக்க வேண்டும், எப்போது ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் 47.5 டன் தூக்கினான். கூலி 1.15 டாலரிலிருந்து 1.85 டாலர் ஆயிற்று. கேட்பவர்கள் மறக்கவே முடியாத கதை.

இந்தக் கதைக்குப் பின்கதை உண்டு. அந்தத் தொழிலாளியின் உண்மைப் பெயர் ஹென்றி நோல். 1974-ல் ரெக், பெரோனி என்ற இரு ஆய்வாளர்கள் பழைய ஆவணங்களைத் தோண்டிப் பார்த்து, டெய்லர் சொன்ன விதத்துக்கும் ஆலையில் நடந்ததற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது, கதை ஏகத்துக்கு ஜோடிக்கப்பட்டது என்று எழுதினார்கள். அனுபவசாலி சொன்னால் வகுப்பு வாயைப் பிளந்து கேட்கும். சரிபார்க்க அறுபது வருஷம் கழித்து யாரோ ஒருவர் ஆவணக் காப்பகத்தில் போய் உட்கார வேண்டியிருந்தது. இதை இங்கே நிறுத்தி யோசிக்கச் சொல்கிறேன், ஏனென்றால் நானும் வகுப்பில் கதை சொல்லி மாட்டிக்கொண்டவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹார்வர்டுக்கு வந்த இன்னொரு வெளியாள் ஆர்ச் ஷா. சிகாகோ பத்திரிகை அதிபர். 'சிஸ்டம்' என்ற மாதப் பத்திரிகை நடத்தியவர். (அந்தப் பத்திரிகை கைமாறி, பெயர் மாறி 1929-ல் 'பிசினஸ் வீக்' ஆனது.) 1911 வாக்கில் அவர் தொடங்கிய பிசினஸ் பாலிசி வகுப்பில் ஒரு புது ஏற்பாடு. ஒரு தொழிலதிபர் வகுப்புக்கு வந்து, தம் கம்பெனியில் அன்றைக்கு இருக்கும் ஒரு நிஜமான தலைவலியைச் சொல்ல வேண்டும். மாணவர்கள் கேள்வி கேட்கலாம். அடுத்த வகுப்பில் ஆளுக்கொரு தீர்வை எழுதிக் கொண்டுவர வேண்டும். அதற்கடுத்த வகுப்பில் அதே தொழிலதிபர் திரும்ப வந்து அந்தத் தீர்வுகளை அலசுவார்.

இன்றைக்கு உலகம் முழுக்க எம்.பி.ஏ. என்றால் கேஸ் ஸ்டடி என்கிறோம். அதன் விதை இந்த வகுப்பில் இருக்கிறது. விதைத்தவர் பேராசிரியர் அல்ல. ஆனால் அதை வளர்த்து, புத்தகமாக்கி, மற்ற பாடங்களுக்கும் பரப்பியவர்கள் நிரந்தர ஆசிரியர்கள். மெல்வின் கோப்லண்டின் மார்க்கெட்டிங் கேஸ் தொகுப்பு 1920-ல் வந்தது. 1919-ல் டீன் ஆன வாலஸ் டோன்ஹாம் கேஸ் முறையைப் பள்ளி முழுவதற்குமான முறையாக ஆக்கினார். வருகிறவர் பொறியைப் போட்டுவிட்டுப் போகலாம். அடுப்பை அணையாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும்.

முப்பத்து நாலு வயதில் ஒரு முன்னாள் மாணவர்

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெஞ்சமின் கிரஹாம். அவர் ஒரு முன்னாள் மாணவர் என்பதாலேயே இந்த மலருக்குப் பொருத்தமானவர்.

1914-ல் நியூயார்க் கொலம்பியாவில் பட்டம் பெற்றபோது கிரஹாமுக்கு வயது இருபது. ஆங்கிலம், தத்துவம், கணிதம் என்று மூன்று துறைகள் அவரை ஆசிரியராக வரச்சொல்லி அழைத்தன. மூன்றையும் விட்டுவிட்டு வால் ஸ்ட்ரீட்டுக்கு வேலைக்குப் போனார். குடும்பத்தில் பணக் கஷ்டம். தகப்பனாரை ஒன்பது வயதிலேயே இழந்தவர். பங்குச் சந்தையில் நன்றாகச் சம்பாதித்து, சொந்தமாக முதலீட்டு நிறுவனம் வைத்து, 1928-ல் தான் படித்த கொலம்பியாவுக்கே மாலை வகுப்பு எடுக்கத் திரும்பி வந்தார். அப்போது அவருக்கு முப்பத்து நாலு வயது. ஏறக்குறைய இப்போதைய என் வயது. (சம்பாத்தியத்தில் ஒற்றுமை ஏதும் இல்லை, கவலைப்படாதீர்கள்!)

பங்குகளை எப்படி ஆராய்ந்து மதிப்பிடுவது என்பது பாடம். வகுப்பில் அவர் வைத்த ஒரு நிபந்தனை, யாராவது ஒருவர் முழுக்கக் குறிப்பெடுக்க வேண்டும் என்பது. முன்வந்தவர் டேவிட் டாட், கொலம்பியாவின் இளம் ஆசிரியர். அடுத்த ஆண்டே, 1929 அக்டோபரில் சந்தை தலைகீழாகக் கவிழ்ந்தது. கிரஹாமின் நிதியும் அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும் பகுதி கரைந்துபோனது. யோசித்துப் பாருங்கள். பகலில் தன் வாடிக்கையாளர்களின் பணம் கரைவதைப் பார்த்துவிட்டு, மாலையில் முதலீடு பற்றி எப்படிப் பாடம் எடுப்பது? ஆனாலும் எடுத்தார். அந்த வகுப்புகளிலிருந்தும் டாட்டின் குறிப்புகளிலிருந்தும் 1934-ல் வெளிவந்ததுதான் 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' என்ற பெரும் நூல். அட்டையில் இருவர் பெயரும் உண்டு.

அவர் வகுப்பில் உதாரணத்துக்குச் சொல்லும் கம்பெனிகள் எல்லாம் அன்றைய தேதியில் சந்தையில் விற்கும் நிஜக் கம்பெனிகள். அதனாலேயே வால் ஸ்ட்ரீட்காரர்கள் படிப்பு முடிந்தபின்பும் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தார்கள் என்பார்கள். சுமார் கால் நூற்றாண்டு பாடம் எடுத்தார். 1950-51-ல் அந்த வகுப்பில் உட்கார்ந்த ஒரு மாணவர் வாரன் பஃபெட். அவரும் ஊர் திரும்பியதும் ஒமாஹா பல்கலைக்கழகத்தில் இரவு வகுப்பு எடுத்தார், தன்னைவிட மூத்தவர்களுக்கு!

எல்லோரும் கிரஹாம் கிரஹாம் என்கிறார்கள். நான் டாட்டைப் பார்க்கிறேன். வகுப்பறையில் அவர் உட்கார்ந்து எழுதியிராவிட்டால், அந்த மாலை வகுப்புகள் கேட்டவர்களோடு போயிருக்கும், எங்கள் பேரிங் வாத்தியாரின் வகுப்புகள் போலவே. எங்களில் ஒருவர்கூட அவர் சொன்னதை ஒழுங்காக எழுதி வைக்கவில்லை.

டெமிங்கையும் ஒரு வரியில் சொல்லியாக வேண்டும். தரக்கட்டுப்பாடு என்றதும் நாம் உச்சரிக்கும் அதே எட்வர்ட்ஸ் டெமிங் தனியாக ஆலோசகர் தொழில் நடத்திக்கொண்டே நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி வணிகப் பள்ளியில் 1946 முதல் 1993 வரை, இறக்கும் ஆண்டு வரை, புள்ளியியல் கற்பித்தார். நடுவில் 1950-ல் ஜப்பான் போய் அங்குள்ள எஞ்சினியர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாடம் எடுத்தது தனி வரலாறு.

1959: இரண்டு அறிக்கைகள்

இதுவரை படித்தால் முதல் கட்சி ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். இல்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவத்திலிருந்து திரும்பியவர்கள் கல்லூரிகளில் குவிந்தார்கள். வணிகப் படிப்பு புற்றீசல் போலப் பெருகியது. (நம் ஊரில் 1991-க்குப் பின் எம்.பி.ஏ. கல்லூரிகள் முளைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.) கிடைத்தவர்களை வைத்துப் பாடம் நடந்தது. 1959-ல் இரண்டு அறிக்கைகள் வந்தன. ஃபோர்டு அறக்கட்டளைக்காகக் கார்டன், ஹோவெல் என்ற இருவர் எழுதியது ஒன்று. கார்னகி நிறுவனத்துக்காக ஃபிராங்க் பியர்சன் எழுதியது மற்றொன்று. இரண்டும் வணிகப் பள்ளிகளைப் போட்டுத் தாளித்துவிட்டன. மாணவர் தரம் குறைவு, பாடங்கள் வெறும் தொழிற்பயிற்சி மட்டத்தில், ஆசிரியர்களுக்குப் போதிய கல்வித் தகுதி இல்லை, ஆராய்ச்சி என்பதே அபூர்வம், பல இடங்களில் பகுதிநேர ஆட்களை நம்பியே வண்டி ஓடுகிறது!

குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது. நேற்று தன் கம்பெனியில் செய்ததை இன்று வகுப்பில் சொல்வது நல்லது. அதையே இருபது வருஷம் சொன்னால்? அது ஏன் வேலை செய்தது, எங்கே வேலை செய்யாது என்று கேட்க வகுப்பில் ஆள் வேண்டும். ஃபோர்டு அறக்கட்டளை சும்மா அறிக்கையோடு நிற்கவில்லை. முன்னும் பின்னுமாகச் சுமார் மூன்றரைக் கோடி டாலரை வணிகக் கல்வியில் போட்டது. பிஎச்.டி. படிப்புகள், கணிதம், புள்ளியியல், சமூகவியல் எல்லாம் உள்ளே வந்தன. முழுநேர ஆராய்ச்சிப் பேராசிரியரே வணிகப் பள்ளியின் முகம் ஆனார்.

அதே 1959-ல் அதே ஃபோர்டு அறக்கட்டளையின் ஆதரவில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்திலிருந்து ஜார்ஜ் ராபின்ஸ் என்பவர் நம் நாட்டுக்கு வந்து திட்டக் கமிஷனுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். அதன் தொடர்ச்சியாக 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். தொடங்கின. கல்கத்தாவுக்கு எம்.ஐ.டி. துணை, அகமதாபாத்துக்கு ஹார்வர்டு துணை. அகமதாபாத் ஆசிரியர்கள் ஹார்வர்டு போய் கேஸ் முறையைக் கற்று வந்தார்கள். சிகாகோ பத்திரிகைக்காரர் போட்ட விதை சபர்மதிக் கரைக்கு வந்த வழி இதுதான். கல்கத்தாவில் 1953-லேயே சமூகநலம், வணிக மேலாண்மை இரண்டுக்குமாக ஒரு நிறுவனம் தொடங்கி, வேலை பார்ப்பவர்களுக்கு மாலையில் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தது. ஐ.ஐ.எம்.களின் வெளிச்சத்தில் அந்த மாலை வகுப்பு மரபை நாம் அதிகம் பேசுவதில்லை.

பிறகு பெண்டுலம் மறுபக்கம் ஆடத் தொடங்கியது. 2004-ல் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் ஒரு புத்தகம், 2005-ல் வாரன் பென்னிஸும் ஜேம்ஸ் ஓ'டூலும் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் ஒரு கட்டுரை. வணிகப் பள்ளிகள் நடைமுறையை மறந்துவிட்டன, ஒரு தொழிற்சாலைக்குள் காலே வைக்காதவர்கள் மேலாண்மை கற்பிக்கிறார்கள் என்று. அதுவும் நியாயமே! இரண்டையும் படித்துவிட்டு மண்டை காய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

மலிவு என்கிற காரணம்

பேச்சு இதுவரை அறிவைப் பற்றி. காசைப் பற்றியும் பேச வேண்டும்.

1976-ல் ஜான் ஸ்பெர்லிங் என்ற முன்னாள் பேராசிரியர் அரிசோனாவில் ஃபீனிக்ஸ் பல்கலைக்கழகத்தைத் தொடங்கினார். லாப நோக்குள்ள நிறுவனம். வேலை பார்க்கும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு. ஆசிரியர்கள் பெரும்பாலும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். எண்ணம் மோசமில்லை. எங்கள் மாலை எம்.பி.ஏ.வும் அதே எண்ணம்தானே? ஆனால் பாடத்திட்டம் தலைமையகத்தில் தயாராகி வரும். ஆசிரியர் அதை நடத்திக் கொடுப்பவர். 1994-ல் அதன் தாய் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. 2010-ல் மாணவர் எண்ணிக்கை நாலரை லட்சத்தையும் தாண்டியது. பிறகு சரிவு. பெரிய கம்பெனிகளோடு வேலைவாய்ப்புத் தொடர்பு இருப்பது போல விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கை 2019-ல் 19.1 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டு முடித்தது.

ஃபீனிக்ஸ் மட்டுமல்ல. அமெரிக்கக் கல்லூரிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால் 1970-ல் நூறு ஆசிரியர்களில் 22 பேர் பகுதிநேரம்; 2011-ல் 50 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிரஹாம் மாதிரி சொந்தத் தொழில் வைத்திருப்பவர்கள் அல்ல. பாடம் எடுப்பதையே பிழைப்பாக நம்பி, இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு ஓடுகிறவர்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பகுதிநேர ஆசிரியர்கள் 2002-ல் வாக்கெடுப்பு நடத்திச் சங்கம் சேர்ந்தார்கள். எந்தச் சங்கம் தெரியுமா? கார் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கம்! 2004-ல் முதல் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது.

வணிகப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் அளிக்கும் ஏ.ஏ.சி.எஸ்.பி. அமைப்பு (1916-ல் தொடங்கியது) ஒரு வழி கண்டது. 2003 விதிகளில் ஆசிரியர்களை முழுநேரம், பகுதிநேரம் என்று பிரிக்காமல், 'பங்கேற்பவர்', 'துணை நிற்பவர்' என்று பிரித்தார்கள். வகுப்பு எடுத்துவிட்டுப் போய்விடுபவர் துணை நிற்பவர். மாணவருக்கு வழிகாட்டி, பாடத்திட்டக் கூட்டத்தில் உட்கார்ந்து, கல்லூரியின் விஷயங்களில் கலந்துகொள்பவர் பங்கேற்பவர். அவர் பகுதிநேரமாகவும் இருக்கலாம். மொத்தக் கற்பித்தலில் முக்கால் பங்கு, ஒவ்வொரு துறையிலும் 60 சதவீதம் பங்கேற்பவர்கள் கையில் இருக்க வேண்டும். 2013 விதிகளில், ஆராய்ச்சியில் இருக்கும் முனைவர்கள் குறைந்தது 40 சதவீதம் என்றும் வைத்தார்கள். குரூப் போட்டோவில் யார் நிற்கலாம் என்பதற்கு ஒரு விதி எழுதியது போல எனக்குப் பட்டது.

நம் நாட்டில் யு.ஜி.சி. 2022-ல் 'பேராசிரியர் ஆஃப் பிராக்டிஸ்' என்ற பதவிக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தொழிலில் 15 ஆண்டு அனுபவம் இருந்தால் பிஎச்.டி. இல்லாவிட்டாலும் அமர்த்தலாம், ஆனால் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் கூடாது, மூன்று ஆண்டு, நீட்டித்தாலும் நாலு ஆண்டு. எனக்கு இன்னும் 15 ஆண்டு ஆகவில்லை, ஆகவே அந்தப் பதவிக்கு நான் மனுப்போடவில்லை என்பதைத் தெளிவுபடுத்துகிறேன்!

என் ஒரு செமஸ்டர்

2018-ல் நான் ஒரு செமஸ்டர் பகுதிநேரமாகப் பாடம் எடுத்தேன். நம் கல்லூரியில் அல்ல. இடத்தின் பெயர் வேண்டாம். எம்.பி.ஏ. இரண்டாமாண்டு, ஆபரேஷன்ஸ். ஒரு மணிக்கு இவ்வளவு என்று பேச்சு. பேப்பர் திருத்த, மாணவர் சந்தேகம் கேட்க, கேள்வித்தாள் தயாரிக்க என்று ஆன நேரம் அந்தக் கணக்கில் கிடையாது. பணம் ஏழு மாதம் கழித்து வந்தது. அது போகட்டும். ஆய்வுக் குழு வருகிற நாளில், "சார், டை கட்டிக்கிட்டு காலையிலேயே வந்துடுங்க, முழுநேர ஸ்டாஃப் லிஸ்ட்டுல உங்க பேரு இருக்கு" என்றார்கள். நான் போகவில்லை. அடுத்த செமஸ்டர் என்னைக் கூப்பிடவும் இல்லை.

என் பங்குக்கு நானும் யோக்கியமில்லை. எங்கள் ஆலையில் ஷட் டவுன் வந்ததால் தொடர்ந்து மூன்று சனிக்கிழமை போகவில்லை. மாற்று வகுப்பு எடுத்தது ஒரு ஞாயிறு, அதுவும் அவசர அவசரமாக. ஒரு நாள் எங்கள் ஆலையில் செட்டிங் நேரத்தைக் குறைத்து லாபம் பார்த்த கதையை ரசித்து ரசித்துச் சொன்னேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "சார், இதையே செஞ்சு நஷ்டப்பட்ட கம்பெனி உண்டா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. எனக்குத் தெரிந்தது என் ஆலை ஒன்றுதான். பக்கத்து அறையில் இருந்த நிரந்தர ஆசிரியர் ஒருவர் பத்து கம்பெனிகளை ஒப்பிட்டு வந்த ஆய்வுகளைப் படித்தவர். அவரிடம் பதில் இருந்திருக்கும். நாங்கள் இருவரும் செமஸ்டர் முழுக்க ஒருமுறைகூடப் பேசிக்கொள்ளவில்லை. அவர் பாடு அவருக்கு, நான் வந்தேன், போனேன்.

அதனால் நமது கல்லூரியின் அழைப்புக்கு நான் சம்மதம் சொல்லியிருக்கிறேன், மூன்று கோரிக்கைகளோடு. ஒன்று, நான் எடுக்கும் வகுப்பில் துறையின் இளம் ஆசிரியர் ஒருவரும் உட்கார வேண்டும். எனக்கு எடுபிடியாக அல்ல; பாடத்தின் சரிபாதி அவருடையது, மதிப்பெண் போடுவதிலும் குறிப்புகள் புத்தகமானால் அட்டையிலும் அவருக்குப் பங்கு உண்டு. இரண்டு, காலியாக இருக்கும் நிரந்தர இடங்களுக்குப் பதிலாக எங்களைக் காட்டக் கூடாது. இதை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும் என்று சங்கத்தின் மூலமாகக் கேட்டிருக்கிறோம். இந்த வரி அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை. மூன்று, திருத்துவதற்கும் சந்தேகம் கேட்பதற்குமான நேரமும் ஊதியக் கணக்கில் சேர வேண்டும். "நாமெல்லாம் கல்லூரிக்குச் சேவையாகச் செய்யலாமே, காசு எதற்கு?" என்று சீனியர் அண்ணன் ஒருவர் கேட்டார். அண்ணா, உங்களுக்கும் எனக்கும் மாதச் சம்பளம் வருகிறது. நாளைக்கு இதே வேலைக்கு வேறு வருமானம் இல்லாத ஒருவர் வந்தால், நாம் இலவசமாகச் செய்ததையே அவருக்கும் விலையாக வைப்பார்கள்.

வருகிற பொதுக்குழுவில் இது விவாதத்துக்கு வருகிறது. இரண்டாவது கோரிக்கையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று இங்கேயே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். பேரிங் வாத்தியாரைத் தேடி, மாலை எம்.பி.ஏ. தொடங்கியதிலிருந்து யார் யார் வந்து பாடம் எடுத்தார்கள் என்று ஆபீசில் கேட்டுப் பார்த்தேன். பழைய சம்பளப் பட்டியலில் பல இடங்களில் 'கெஸ்ட் 1', 'கெஸ்ட் 2' என்றுதான் இருக்கிறது. அவர் வேலை பார்த்த பம்ப் கம்பெனியும் இப்போது அந்த இடத்தில் இல்லை. சந்திப்பு நாளன்று பதிவு மேஜையில் ஒரு நீல நிற நோட்டு வைத்திருப்போம். உங்களுக்குப் பாடம் எடுத்த பகுதிநேர ஆசிரியர் பெயர், எந்த ஆண்டு, என்ன பாடம், இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரிந்ததை எழுதிவிட்டுப் போங்கள். பெயர் நினைவில்லை என்றால் வகுப்பில் சொன்னது எதுவாவது நினைவிருந்தால் அதையாவது எழுதுங்கள்.